அக்காவின் துப்பாக்கிக்கு ஒரு தோட்டா

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பட்டறையில் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அறுந்த இரும்புச் சுருளின் வாசனையும் கூலன்ட் எண்ணெய் வாசனையும் மட்டும் மிச்சம். நான் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் தயிர்சாதத்தை எடுத்தபோது அக்கா உள்ளே வந்தார்.

கையில் ஒரு நீள மூட்டை. மயில் போட்ட பழைய போர்வையில் சுற்றி, தேங்காய் நார்க் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டியிருந்தது. வந்தவர் நேராகப் போய் அதை என் கிரானைட் மேசைமேல் வைத்தார்.

அந்த மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் நான் கேஜ் பட்டறை நடத்துகிறேன். ஒரு துளை சொன்ன அளவில் இருக்கிறதா என்று சோதிக்கும் உருளைகளைச் செய்வது என் தொழில். அந்தக் கருங்கல் மேசை மட்டம் தவறாதது. எங்கள் அளவெல்லாம் அதன்மேல்தான். யாரும் ஒரு டீ டம்ளர்கூட அதில் வைத்ததில்லை.

"அக்கா, அதுமேல வெக்காதீங்க" என்று எச்சில் கையோடு ஓடினேன்.

"இரு தம்பி, கயிறு சிக்கிக்கிச்சு" என்றபடி அவர் கயிற்றை அவிழ்த்தார். போர்வை விலகியது. உள்ளே மாமாவின் துப்பாக்கி.

"பஸ்ஸுலயா கொண்டுவந்தீங்க?"

"பின்ன, பறந்தா வருவேன்? லைசென்சு பையில இருக்குது. என்னம்மா மூட்டைன்னு கண்டக்டரு கேட்டாரு. கொடைன்னு சொல்லிப்போட்டேன்."

அன்னூரிலிருந்து கணபதி வரைக்கும் நின்றுகொண்டே வந்திருக்கிறார். வயது அறுபத்து நான்கு.

"இதுக்கு எந்தத் தோட்டா சேரும்னு நீதான் கண்ணு அளந்து சொல்லோணும்" என்று சொல்லிவிட்டு, என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் தயிர்சாதத்தில் பாதியை டிபன் பாக்ஸ் மூடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்த ஒரு வாசகர், "அளவெடுக்கறதுல அப்படி என்னங்க இருக்குது?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கான பதிலாக இதை எழுதுகிறேன்.

மலையிலிருந்து வந்தது

என் அக்கா பெயர் சரஸ்வதி. அன்னூர்ப் பக்கம் ஐந்து ஏக்கர் தோட்டம். மாமா, அதாவது அக்காவின் கணவர், இளம் வயதில் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி ஓட்டினார். அந்த எஸ்டேட்டின் பழைய துரை ஊரை விட்டுப் போகும்போது, தன் வேட்டைத் துப்பாக்கியை மாமாவுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வேட்டை சட்டப்படி நின்றுபோன பிறகு அவர் பீரோவில் சும்மா கிடந்தது அது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று மாமா உரிமம் வாங்கினார்.

சின்னத் துப்பாக்கி. நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். மலைச் சரிவில் புதருக்குள் நுழைந்து நடக்க வசதியாக, குழலைக் கட்டையாகவும் மரத்தை மெலிதாகவும் செய்திருந்தார்கள். பட்டறைத் தராசில் வைத்தபோது மூன்று கிலோகூட வரவில்லை. மரத்தில் ஒரு மானின் தலை செதுக்கியிருந்தது. மானுக்கு ஒரு கொம்பு உடைந்திருந்தது.

மாமா தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தோட்டத்தைச் சுற்றுவார். "தொப்பாக்கிக்காரர் தோட்டம்" என்றால் அன்னூரில் யார் வேண்டுமானாலும் வழி காட்டுவார்கள். போன வருடம் மாமா தவறிப்போனார். உரிமம் அக்கா பெயருக்கு மாறியது.

அதே வருடம்தான் காட்டுப்பன்றிகள் அக்காவின் மக்காச்சோளத்துக்கு வந்து சேர்ந்தன. பன்றியைச் சுடச் சட்டம் விடாது; சுடும் எண்ணம் அக்காவுக்கும் இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் கூட்டம் கலையும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஆனால் பன்றி மட்டும் காரணம் இல்லை. மாமாவின் தம்பி மாதம் ஒருமுறை வந்து, "அண்ணி, இனி உங்களால காப்பாத்த முடியாதுங்க. வீட்டுமனை சைட்டுப் போடறவங்க நல்லவங்களா இருக்காங்க. கொடுத்துப்போடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பலர் கொடுத்துவிட்டார்கள். ஒரு வெடிச்சத்தம் கேட்டால் பன்றிக்கும் புரியும், கொழுந்தனாருக்கும் புரியும் என்று அக்கா நினைத்தார்.

லொடலொட

"தோட்டா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒன்பது தோட்டாக்கள், ஒரு வெறுங்கூடு. மாமாவின் பீரோவில் இருந்தவை. பித்தளை பழுத்து, பழைய குத்துவிளக்கின் நிறத்தில் இருந்தது.

உரிமப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். துப்பாக்கியின் வகைக்கு நேராக ‘.315’ என்று எழுதியிருந்தது. தோட்டாவின் அடியிலும் அதே எண். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது?" என்றேன்.

"இருக்குது. உள்ளயும் போகுது. போல்ட்டும் மூடுது. ஆனா லொடலொடங்குது தம்பி. தூக்கி ஆட்டினா உள்ளார சத்தம் கேக்குது."

என் கையில் இருந்த சோறு கீழே விழுந்தது. "நெசத் தோட்டாவைப் போட்டா ஆட்டிப் பார்த்தீங்க?"

"விசைமேல நான் கையே வெக்கலயே."

"அக்கா!"

"கத்தாத. ஊறுகாய்ச் சாடிக்கு வேற சாடியோட மூடியைப் போட்டா என்ன ஆகும்? மூடுன மாதிரிதான் இருக்கும். சாய்ச்சா ஒழுகும். அப்புடித் தோணுச்சு. அதனாலதான் வெடிக்காம உங்கிட்டக் கொண்டாந்தேன்."

நாற்பது வருடமாக நான் பட்டறையில் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை அக்கா ஊறுகாய்ச் சாடியில் சொல்லிவிட்டார். எங்கள் கேஜுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. இரண்டாவதும் போய்விட்டால் துளை பெரிது, வேலை கழிவு. உள்ளே போகிறது என்பது பாதிச் சேதிதான்.

குழலின் பின்வாயை மூடும் அந்த போல்ட்டைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். டார்ச் அடித்துக் குழலின் பின்பக்கம் பார்த்தேன். தூசியும் பழைய எண்ணெயும் இருந்தன, அதற்குள் எழுத்து. துணியால் துடைத்தபோது ஒரு ‘8’ தெரிந்தது. பக்கத்தில் ஏதோ வெளிநாட்டு முத்திரை. அவ்வளவுதான்.

எட்டும் முந்நூற்றுப் பதினைந்தும்

இங்கே கொஞ்சம் வழி விலகுகிறேன். எனக்கு அன்று பிடித்த பைத்தியம் உங்களுக்கும் புரிய வேண்டும்.

எட்டு மில்லிமீட்டரை அங்குலத்துக்கு மாற்றினால் என்ன வரும்? கால்குலேட்டரில் போட்டேன். புள்ளி மூன்று ஒன்று ஐந்து. அச்சாக. யாரோ ஒரு எழுத்தர் குழலில் எட்டைப் பார்த்திருக்கிறார், மாற்றியிருக்கிறார், புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் தோட்டாவின் பெயர் அளவு அல்ல. அங்கேயே செல்போனில் தேடிப் படித்ததில் எனக்குத் தெரிந்தது இது. ‘எட்டு’ என்று பெயர் வைத்துக்கொண்ட தோட்டாக்கள் ஒரு குடும்பமே உண்டு. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒன்றுக்குக் கழுத்து மெலிது, இன்னொன்றுக்குத் தடிப்பு. நம் ஊரில் ஒரே தெருவில் நாலு பழனிச்சாமி இருப்பதுபோல. தபால்காரர் பெயரை மட்டும் பார்த்துக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனால் வேறு பழனிச்சாமிதான் பிரித்துப் படிப்பார்.

அப்படியானால் இந்தத் துப்பாக்கி எந்தப் பழனிச்சாமி? குழலின் பின்புறம் தோட்டா உட்காரும் குழி இருக்கிறதே, அறை என்பார்கள், அதை அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் அது ஒரு முனை மூடியதுபோல உள்ளே சுருங்கிப் போகும் குழி. என் கருவிகள் எதுவும் அதற்குள் திரும்பாது.

தவிர, துப்பாக்கியில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. "உங்க பேருல இருக்கறது ஒரு மணி நேரம்கூட எங்கிட்ட இருக்கக் கூடாதுக்கா" என்றேன். காரை எடுத்தேன். அக்கா பின்சீட்டில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உக்கடத்துக்குப் போனோம்.

சலீம் பாயின் கேள்வி

சலீம் பாய் உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர். நாற்பது வயது இருக்கும். உக்கடம் குளத்துப் பக்கம் சின்னக் கடை. அங்கே பெரும்பாலும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் ஏர் ரைபிள்கள்தான் வரும். வாரக் கடைசியில் பயிற்சிக் களத்தில் சுடச் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. எனக்குச் சில ஸ்பிரிங் வேலைகளில் பழக்கம்.

அவர் துப்பாக்கியை முதலில் பார்க்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் இருந்த வெறுங்கூட்டைத்தான் எடுத்தார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"இதைச் சுட்டவருக்குக் கண்ணு நல்லா இருக்குதுங்களாம்மா?"

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

பாய் அந்தக் கூட்டையும் ஒரு முழுத் தோட்டாவையும் மேசையில் பக்கம் பக்கமாக நிறுத்தினார். "இங்க பாருங்ணா. தோட்டாவுக்குத் தோள் இருக்குது, கழுத்து இருக்குது. சுட்டதுக்குத் தோளே காணோம். முன்னால ஊதிப் போயிருக்குது. கழுத்து கிழிஞ்சிருக்குது. கரி பூரா வெளிப்பக்கம் ஓடியிருக்குது. மருந்து எரிஞ்ச கேஸ் முன்னால போறதுக்குப் பதிலாப் பின்னாலயும் வந்திருக்குது. பின்னாலதான் மூஞ்சி இருக்கும்."

 அக்கா தன் வலது கன்னத்தை விரலால் தொட்டார்.

"இங்க அவருக்குக் கரும்புள்ளி கரும்புள்ளியா நாலஞ்சு இருந்துச்சுங்க. தீவாளி வெடின்னு சொன்னாரு."

மாமாவின் கன்னம் என் நினைவுக்கு வந்தது. மிளகைத் தூவியதுபோல அந்தப் புள்ளிகள். சவரம் செய்யும்போது அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் போவார்.

"கண்ணுக்கு ரெண்டு விரல் தள்ளி வந்திருக்குது. அல்லா காப்பாத்தியிருக்கான்" என்றார் பாய்.

கந்தகம்

அறையின் வடிவத்தை எடுக்க பாய் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு கரண்டியில் கந்தகத்தைப் போட்டு மெல்ல உருக்கினார். மஞ்சள் தூள் தேன்போல ஆனது. கடை முழுக்கத் தீக்குச்சி வாசனை. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழலுக்குள் பஞ்சை அடைத்து, உருகிய கந்தகத்தை அறைக்குள் ஊற்றினார். ஆற விட்டார். முன்பக்கமிருந்து ஒரு கம்பியால் மெதுவாகத் தட்டினார்.

ஒரு மஞ்சள் தோட்டா வெளியே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. இந்தத் துப்பாக்கி கேட்கிற தோட்டா அதுதான். கந்தகத்தில் செய்த நகல்.

பெரிய வேடிக்கையைப் பார்த்ததுபோல மூன்று பேரும் குனிந்து நின்றோம். கண்ணுக்கே தெரிந்தது. டப்பாவில் இருந்த தோட்டாவை விட அது நெட்டை.

துப்பாக்கியை பாய் ரசீது எழுதித் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கந்தகத் தோட்டாவை நான் கைக்குட்டையில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். அதை வைத்துக்கொள்ள யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

எங்களிடம் ஒரு புரொஜெக்டர் இருக்கிறது. பொருளின் நிழலைப் பத்து மடங்கு பெரிதாக்கித் திரையில் காட்டும். கந்தகத் தோட்டாவை அதில் வைத்தேன். திரையில் ஒரு கறுத்த கோபுரம் எழும்பியது. அதன் பக்கத்தில் மாமாவின் தோட்டாவின் நிழல். அடிப்பாகம் இரண்டுக்கும் ஒன்று. அதனால்தான் உள்ளே போய் ஒழுங்காக உட்கார்ந்தது, போல்ட்டும் மூடியது. ஆனால் தோட்டாவின் கூடு ஐம்பது மில்லிமீட்டர், அறை ஐம்பத்தாறு. குழலும் குண்டை விட இரண்டு தலைமுடி கனத்துக்குப் பெரிது.

ஆறு மில்லிமீட்டர் வெற்றிடம். ஒரு சுண்டைக்காய் அகலம்கூட இல்லை. வெடித்த கேஸ் அந்த இடத்தில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வழி தேடியிருக்கிறது.

எனக்கு ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம் வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம். திரும்பிப் பார்த்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து உரிமப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். தோட்டா வாங்கினால் அங்கேதான் கடைக்காரர் குறிப்பார்.

"தம்பி, இதுல ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்குது. பத்துத் தோட்டா."

"ஆமாங்கக்கா."

"டப்பாவுல ஒம்போது இருக்குது. வெறுங்கூடு ஒண்ணு."

 அவர் கணக்கு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப அவரு அந்த ஒண்ணு சுட்டதோட சரி. பொறவு தொட்டதே இல்ல. இத்தன வருசமா வெறும் தொப்பாக்கியத்தான் தோளுல மாட்டிட்டுத் திரிஞ்சாரா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். லேத்தில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "தொப்பாக்கிக்காரராம், தொப்பாக்கிக்காரரு!" சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று புத்தகத்தை மூடி முகத்தில் வைத்துக்கொண்டார். நான் புரொஜெக்டரின் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கனமும் உதையும்

மறுபடி பாயின் கடையில் கூடினோம். இப்போது கேள்வி மாறியிருந்தது. இந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டாவைத் தேர்வது?

"நெசமான தோட்டா வேணும்னா நம்ம நாட்டுல எந்தக் கடைலயும் கிடைக்காதுங்ணா. எனக்குத் தெரிஞ்சு யாரும் வெச்சிருக்கல" என்றார் பாய். "இன்னொரு வழி, அனுமதி வாங்கிக் குழலையே மாத்தறது. .315-க்குச் செஞ்சு தரச் சொல்லலாம். தோட்டா சுலபமாக் கிடைக்கும். ஆனா..."

"ஆனா என்னங்க?" என்றார் அக்கா.

"கனம் பத்தாதும்மா."

அது எனக்குப் புரிந்தது. கோயமுத்தூர்க்காரனுக்கு பம்பு செட்டை வைத்துச் சொன்னால் எதுவும் புரியும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைக் கனமான கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு நிறுத்தினால் பேசாமல் ஓடும். அதே மோட்டாரை ஒரு பலகைமேல் வைத்துப் பாருங்கள். பலகையும் சேர்ந்து ஓடும். குண்டை முன்னால் தள்ளும் வேகம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. துப்பாக்கி கனமாக இருந்தால் உதையில் பாதியை அது தாங்கிக்கொள்ளும். லேசாக இருந்தால் முழுவதும் தோளுக்கு வரும்.

குழல் குட்டை என்பதால் இன்னொரு வம்பு. நீளக் குழலில் வெடிமருந்து உள்ளேயே எரிந்து முடியும். குட்டையில் முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்சம் குழல் வாயில் நெருப்பாகவும் இடிச் சத்தமாகவும் வரும். லேசான குட்டைத் துப்பாக்கிக்கு அதனால்தான் சாதுவான தோட்டாவாகப் பார்ப்பார்களாம். மருந்து கம்மி, அதுவும் சீக்கிரம் எரிகிற மருந்து. துரையின் ஆட்கள் எதை நினைத்து இவ்வளவு லேசான உடம்பில் அவ்வளவு பெரிய அறையைக் குடைந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"சத்தம் எச்சா வர்றது நல்லதுதானுங்களே?" என்றார் அக்கா. "எனக்குச் சத்தம்தானே வேணும்? குண்டு எதுக்கு?"

பாய் அவரைப் பார்த்தார். "அம்மா, மேல பார்த்துச் சுடுவீங்க. சரிங்க. மேல போன குண்டு எங்க போகும்?"

"எங்கயாவது போகும்."

"கீழதானுங்க வரும். இந்தத் தோட்டா மைல் கணக்குல போகும். உங்க தோட்டத்தைச் சுத்தி என்ன இருக்குது?"

 தோட்டத்தின் மூன்று பக்கமும் இப்போது வீடுகள். மாமா உரிமம் வாங்கிய காலத்தில் அங்கே சோளக்காடும் கள்ளிவேலியும். இன்று கிழக்கே பள்ளி வேன் வந்து திரும்பும் இடம். மாடிகளில் துணி காயப்போடுகிறார்கள்.

"அதை நான் ரோசனையே பண்ணலீங்களே" என்றார் அக்கா, மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை

ஆனாலும் அவருக்கு ஒரு ஆசை விடவில்லை. "உதை எப்படி இருக்கும்னு ஒருவாட்டி பார்த்துப்போடறனுங்க" என்றார். பாய் முறைப்படி கேட்டு அனுமதி வாங்கினார். ஒரு ஞாயிறு காலை, ஊருக்கு வெளியே இருந்த பயிற்சிக் களத்துக்குப் போனோம். வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. அக்கா பச்சைச் சுங்குடி கட்டி, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். காதுக்கு வைக்கும் பெரிய மூடியைப் போட்டதும் அவர் முகம் சின்னதாகிவிட்டது.

முதலில் களத்தில் இருந்த வழக்கமான .315 ரைபிள். மாமாவின் துப்பாக்கியை விட ஒன்றரைப் பங்கு கனம். பாய் பின்னால் நின்று தோளில் சரியாகப் பொருத்திவிட்டார்.

சத்தம் என் நெஞ்சில் இடித்தது. அக்கா ஒரு அடி பின்னால் வந்து பாயின் கையில் சாய்ந்தார். குண்டு இலக்கு அட்டையையும் தாண்டி மண்மேட்டில் புழுதி கிளப்பியது.

துப்பாக்கியைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார். "இந்தக் கனத்துலயே இந்த உதையா? அப்ப அந்தச் சின்னதுல?"

"தோள் எறங்கிப்போகும்மா."

"அவருக்கு மூஞ்சிலயும் பட்டுருக்குது" என்றார். 

பிறகு பாய் வேறொன்றை எடுத்துவந்தார். .22. பழகுபவர்களுக்கான குட்டைக் குழல் ரைபிள். தோட்டா அக்காவின் சுண்டுவிரல் நுனிக் கணு அளவு நீளம், அவ்வளவுதான். அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இதென்னங்க, கம்மல் திருகாணியாட்டம்?" என்றார்.

சுட்டார். காய்ந்த குச்சி ஒடிந்ததுபோல ஒரு சத்தம். உதையே இல்லை. அவர் கண்ணை இறுக்காமல் மறுபடி சுட்டார். மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தச் சொன்னார் பாய். நிறுத்தினார். ஐந்து தோட்டா முடிந்ததும் அட்டையைக் கொண்டுவந்தார்கள். நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம், ஒரு பத்து ரூபாய்க் காசால் மூடிவிடுகிற இடத்தில் ஐந்து ஓட்டை.

பாய் அட்டையை என்னிடம் கொடுத்தார், திரும்பி வாங்கினார், மறுபடி பார்த்தார். "இதுக்கு முன்னால சுட்டிருக்கீங்களாம்மா?"

"ஊசில நூல் கோத்திருக்கறனுங்க" என்றார் அக்கா.

"இந்தத் தோட்டா உங்களுக்குச் சேருது. ஆனா பன்னிக்கு இந்தச் சத்தம் பத்தாதுங்க."

"பன்னியை உடுங்க. அதுக்கு வேற வழி பாக்கறேன்."

திரும்பும் வழியில் காரில் நான் கேட்டேன், "மாமா மாதிரி சும்மா தோளுல மாட்டிட்டாவது நடக்கலாமில்லக்கா? ஊரு பயப்படும்."

"மாட்டேன்" என்றார். யோசிக்கக்கூட இல்லை. "அவரு சுமந்தது போதும். வெறும் தொப்பாக்கியத் தூக்கிட்டு நடக்கறவனுக்குத்தான் தெரியும், அது எம்புட்டுக் கனம்னு."

மக்காச்சோளம் அறுத்த பிறகு

மாமாவின் துப்பாக்கியை அக்கா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டார். ஒன்பது தோட்டாக்களையும் சேர்த்துத்தான். காரணம் என்ற இடத்தில் ‘பொருந்தவில்லை’ என்று தன் கையால் எழுதினார்.

பன்றிகள் போகவில்லை. வாய்க்கால் ஓரத்து மக்காச்சோளத்தில் கணிசமாகத் தின்றுவிட்டன. அக்காவும் பக்கத்துத் தோட்டத்து இரண்டு பெண்களும் சேர்ந்து வனத்துறைக்கு மனுக் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது மூன்று தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே வேலி போடுகிறார்கள். வேலை பாதிதான் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஒரு காலையில் போயிருந்தேன். அக்கா களத்தில் கதிர் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில், மாமாவின் படத்துக்குப் பக்கத்தில், அந்த இலக்கு அட்டை மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று அட்டைகள். ஞாயிறுதோறும் பயிற்சிக் களத்துக்குப் பஸ் ஏறிப் போய்விடுகிறாராம்.

"ஒங்க கொழுந்தனாரு வந்தாருங்களாக்கா?"

"வந்தாரு. தொப்பாக்கியும் போயிருச்சு, இனி என்ன பண்ணுவீங்க அண்ணின்னாரு. அந்த அட்டையக் காட்டி, நான் போட்ட ஓட்டைங்கன்னு சொன்னேன். கிட்டப் போய்ப் பார்த்தாரு. மோரைக் குடிச்சாரு. சைட்டுப் பேச்சே எடுக்காமப் போயிட்டாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கதிரை உரித்து முடித்துக் கூடையில் போட்டார்.

"எனக்கு அவருமேலதான் தம்பி கோவம். தொப்பாக்கி வெடிச்சுக் கன்னம் வெந்துருக்குது. அதை மறைச்சுட்டுத் தீவாளி வெடின்னு சொல்லியிருக்காரு. எங்கிட்டச் சொன்னா என்ன?"

"நீங்க சிரிப்பீங்கன்னு நினைச்சிருப்பாருக்கா."

அக்கா அடுத்த கதிரைக் கையில் எடுத்தார். மேல்தோலைப் பிடித்து இழுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சுத்தான் இருப்பேன்" என்றார். "சிரிச்சுப்போட்டு, தேங்காயெண்ணெய் வெச்சு உட்டிருப்பேன்."